டிக்கெட்டுக்கு முன்னால் டாக்டர்: உகாண்டா பயணத்துக்கு எங்கள் வீடு தயாரான விதம்

உகாண்டாவுக்குள் நுழைய மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டதற்கான சான்றிதழ் வேண்டும். எந்த நாட்டிலிருந்து வந்தாலும் சரி, ஒரு வயதைத் தாண்டிய எல்லோருக்கும் இது கட்டாயம். பயணப் பேச்சு ஆரம்பித்தபோது எங்கள் வீட்டில் தெரிந்திருந்தது இந்த ஒரு விஷயம்தான். ஏற்கெனவே ஆப்பிரிக்கா போய்வந்த நண்பர்கள் தங்கள் பட்டியலை அனுப்பியிருந்தார்கள். இந்த ஊசி, இந்த மாத்திரை, இந்தக் கொசு மருந்து என்று எல்லாம் அதில் இருந்தது. அதையே எல்லோருக்கும் வாங்கிவிடலாம் என்றான் தம்பி. டிக்கெட் போடுவதற்கு முன்னால் பயண மருத்துவம் பார்க்கும் டாக்டர் ஒருவரைப் பார்த்துவிடலாம் என்று சொன்னது என் கணவர்.

கிளம்ப இரண்டு மாதத்துக்கு மேல் இருந்தது. நான், கணவர், ஐந்து வயது மகள், அம்மா, தம்பி, தம்பி மனைவி என்று ஆறு பேரும் சேர்ந்தே போனோம். டாக்டர் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் பேசினார். வயது என்ன, தினமும் என்ன மாத்திரை, முட்டை ஒத்துக்கொள்ளுமா, எந்த ஊசிக்காவது ஒவ்வாமை வந்ததுண்டா, தைமஸ் சுரப்பியில் பிரச்சினை அல்லது அறுவை சிகிச்சை உண்டா, வலிப்பு, மனச்சோர்வு இருந்ததா, பழைய தடுப்பூசி அட்டை இருக்கிறதா என்றெல்லாம் கேட்டார். அதற்குப் பிறகுதான் எந்த மாதம் போகிறோம், நகரத்திலா காட்டுப் பக்கமா, ஆற்றில் ஏரியில் இறங்குவோமா என்ற கேள்விகள் வந்தன. முடிவில் எங்கள் கையில் ஆறு தாள்கள் இருந்தன. ஒன்றுபோல் இன்னொன்று இல்லை.

அம்மாவின் தாளில்தான் பெரிய செய்தி இருந்தது. அம்மாவுக்கு அறுபது தாண்டிவிட்டது. மூட்டுவாதத்துக்காக மெதோட்ரெக்ஸேட் என்ற, நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மாத்திரை எடுத்துக்கொள்கிறார். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி உயிருள்ள, வலுக்குறைந்த வைரஸால் செய்யப்படுவது. ஆரோக்கியமான உடம்பு அந்த வைரஸை அடையாளம் கண்டு எதிர்ப்பை உருவாக்கிக்கொண்டு அதை ஒழித்துவிடும். நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்கள் உடம்பில் தடுப்பூசி வைரஸே பெருகித் தொல்லை கொடுக்க வாய்ப்பு உண்டு. அது தவிர, அறுபது வயதுக்கு மேல் முதல் தடவையாக இதைப் போட்டுக்கொள்பவர்களுக்குக் கல்லீரல், மூளை போன்றவற்றைத் தாக்கும் தீவிர பக்கவிளைவு வரும் வாய்ப்பும் இளையவர்களைவிடக் கூடுதல். மிக அரிதானதுதான், ஆனால் வந்தால் சாதாரணமானதல்ல. அம்மாவுக்கு இரண்டு காரணங்களும் சேர்ந்துவிட்டன.

மாத்திரையைச் சில நாள் நிறுத்திவிட்டுப் போடலாமா என்று கேட்டோம். அதற்குச் சில நாள் போதாது, மூட்டு மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தவும் கூடாது என்றார். மருத்துவக் காரணத்தால் ஊசி போடவில்லை என்று கடிதம் எழுதிக் கொடுக்க முடியும். பல நாடுகளின் அதிகாரிகள் அதை ஏற்றுக்கொள்ளவும் கூடும். ஆனால் அந்தக் கடிதம் இருந்தால் நுழைய விடுவார்கள் என்பதோடு சரி, நோயிலிருந்து எந்தப் பாதுகாப்பும் கிடைக்காது என்று டாக்டர் தெளிவாகச் சொன்னார். உகாண்டாவில் 2010லும் 2016லும் மஞ்சள் காய்ச்சல் பரவியிருக்கிறது. இந்த நோய்க்கென்று தனி மருந்து கிடையாது. தீவிரமாகிவிட்டால் உயிரிழப்பவர்கள் நிறைய.

வீட்டுக்கு வரும் வழியிலேயே அம்மா முடிவு சொல்லிவிட்டார். "நீங்க நல்லபடியா போயிட்டு வாங்க. இந்தத் தொல்லை இல்லாத ஊரா பார்த்து அடுத்த தடவை என்னைக் கூட்டிட்டுப் போங்க." எனக்கு மனசு கேட்கவில்லை. பயணத்தையே ரத்து செய்யலாமா என்றுகூட நினைத்தேன். ஆனால் டிக்கெட் எதுவும் போடாததால் அந்தப் பேச்சை எல்லோரும் நிதானமாகப் பேச முடிந்தது. பணம் கட்டிய பிறகு இதே செய்தி வந்திருந்தால், "ஊசி போட்டுக்கிட்டா என்ன ஆகிடப் போகுது" என்ற எண்ணம் யாராவது ஒருவருக்கு வந்திருக்கும். வயதானவர்களோடு பயணம் திட்டமிடும் ஒவ்வொருவருக்கும் நான் சொல்வது இது: முதலில் டாக்டர், அப்புறம் நாடு, கடைசியில் டிக்கெட்.

தம்பி மனைவியிடம் டாக்டர் கொஞ்ச நேரம் தனியாகப் பேசினார். குழந்தைக்குத் திட்டமிடுகிறார்களா என்று கேட்க வேண்டியிருந்ததால்தான் தனியாக. (அந்தப் பண்பு எங்கள் எல்லோருக்கும் பிடித்திருந்தது. அவளே பிறகு எங்களிடம் சொன்னாள்.) மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிக்குப் பிறகு குறைந்தது நான்கு வாரம் கருத்தரிப்பதைத் தள்ளிப்போட வேண்டும். அதைவிட முக்கியமானது மலேரியா. கர்ப்பகாலத்தில் மலேரியா வந்தால் தாய்க்கும் ஆபத்து, கருவுக்கும் ஆபத்து. தவிர்க்க முடிந்தால் மலேரியா உள்ள இடத்துக்குக் கர்ப்பிணிகள் போகாமல் இருப்பதே நல்லது. ஊர் திரும்பி மாத்திரைகளும் முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருவரும் முடிவெடுத்தார்கள்.

இனி அந்த ஊசி. இதை எல்லா மருத்துவமனையிலும் போடுவதில்லை. அரசு அங்கீகரித்த மையங்களில்தான் போடுவார்கள். ஒரு குப்பியில் பல பேருக்கான மருந்து இருக்கும். கரைத்துவிட்டால் சில மணி நேரத்தில் பயன்படுத்தியாக வேண்டும். அதனால் பல மையங்களில் வாரத்தில் குறிப்பிட்ட நாட்களில், முன்பதிவு செய்தவர்களுக்கு மட்டும்தான் போடுகிறார்கள். நாங்கள் எதிர்பார்த்ததைவிட இதற்கு அதிகம் காத்திருக்க வேண்டியிருந்தது. போட்ட நாளிலிருந்து பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும். ஆக, கிளம்பும் வாரம் ஓடிப்போய்ப் போட்டுக்கொண்டால் பயனில்லை. ஒரு தடவை போட்டால் சான்றிதழ் வாழ்நாள் முழுவதும் செல்லும். 2016 ஜூலை 11 முதல் இதுதான் சர்வதேச விதி. பழைய அட்டையில் பத்து வருடம் என்று எழுதியிருந்தாலும் புதிய விதியே பொருந்தும்.

சான்றிதழைக் கையில் வாங்கியதும் அங்கேயே நின்று சரிபாருங்கள். பாஸ்போர்ட்டில் உள்ள பெயரும் எண்ணும் அப்படியே இருக்கிறதா, மருந்தின் தொகுதி எண் எழுதியிருக்கிறார்களா, முத்திரையும் கையெழுத்தும் இருக்கின்றனவா, நீங்கள் உங்கள் இடத்தில் கையெழுத்துப் போட்டீர்களா என்று பாருங்கள். திரும்பி வரும்போதும் இது தேவைப்படும். மஞ்சள் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு ஆசியாவில் ஏராளமாக இருக்கிறது, நோய் மட்டும் இங்கே கிடையாது. அதனால்தான் ஆசிய நாடுகள் பலவும் இந்தச் சான்றிதழில் மிகவும் கண்டிப்பாக இருக்கின்றன. நடுவில் விமானம் மாறும் நாட்டையும் கணக்கில் எடுங்கள். மஞ்சள் காய்ச்சல் உள்ள நாட்டு விமான நிலையத்தில் 12 மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தாலே சில நாடுகள் சான்றிதழ் கேட்கும்.

ஊசி போட்டு ஒரு வாரம் போல் ஆனபோது தம்பிக்கு உடம்புவலியும் லேசான காய்ச்சலும் வந்தன. ஓரிரு நாளில் சரியாகிவிட்டது. இது எதிர்பார்க்கக்கூடியதுதான். அதனாலேயே கிளம்புவதற்குப் போதுமான இடைவெளி விட்டுப் போட்டுக்கொள்வது நல்லது.

மற்ற ஊசிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டைஃபாய்டு ஊசி எங்கள் எல்லோருக்கும் போட்டார்கள். கிளம்ப இரண்டு வாரம் முன்னதாகவாவது போட வேண்டும், அதுவும் முழுப் பாதுகாப்பு தராது என்பதால் தண்ணீரிலும் சாப்பாட்டிலும் கவனம் குறையக் கூடாது. ஹெபடைடிஸ் ஏ-க்கு எனக்கு ரத்தப் பரிசோதனை செய்தார்கள். சிறுவயதிலேயே அந்தக் கிருமி வந்துபோய் எதிர்ப்பு உருவாகியிருந்தது தெரிந்தது, ஊசி தேவைப்படவில்லை. கணவருக்கும் மகளுக்கும் தேவைப்பட்டது. தம்பிக்குக் கடைசியாக டெட்டனஸ் ஊசி எப்போது போட்டது என்று நினைவில்லை. பத்து வருடத்துக்கு ஒரு முறை போட வேண்டியது என்பதால் அதையும் போட்டுவிட்டார்கள். மகளுக்கு அம்மை ஊசி இரண்டு தவணையும் முடிந்திருந்தது. முடியாமல் இருந்திருந்தால் அதற்கும் நாள் பார்க்க வேண்டியிருந்திருக்கும். உயிருள்ள தடுப்பூசிகள் இரண்டைப் போடும்போது ஒரே நாளில் போட வேண்டும், இல்லையென்றால் நான்கு வாரம் இடைவெளி விட வேண்டும்.

மகளுக்கு ரேபிஸ் ஊசி முன்கூட்டியே போடலாம் என்று டாக்டர் சொன்னபோது முதலில் யோசித்தோம். அவர் சொன்ன காரணங்கள் சரியாகப் பட்டன. குழந்தைகள் நாய், பூனை, குரங்கு பக்கத்தில் தயங்காமல் போவார்கள். உயரம் குறைவு என்பதால் கடி முகத்திலோ கழுத்திலோ விழலாம். சின்னப் பிறாண்டலை வீட்டில் சொல்லாமலும் விட்டுவிடுவார்கள். முதல் நாளும் ஏழாவது நாளும் என்று இரண்டு ஊசி. இதைப் போட்டிருந்தாலும் கடிபட்டால் காயத்தை சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு மறுபடி ஊசி போட்டே ஆக வேண்டும். ஆனால் குறைந்த தவணை போதும், இம்யூனோகுளோபுலின் என்ற மருந்து தேவைப்படாது. நகரத்தை விட்டுத் தள்ளிப் போனால் அந்த மருந்து கிடைப்பது கஷ்டம். காட்டுப் பூங்காக்களுக்குப் போகும் குடும்பத்துக்கு இது பெரிய நிம்மதி.

அடுத்தது மலேரியா. இதைப் பற்றி நான் கொஞ்சம் நீளமாகத்தான் எழுத வேண்டும், ஏனென்றால் தெரிந்தவர்கள் பலரும் அலட்சியமாகப் பேசியது இதைப் பற்றித்தான். "வெயில் நாட்டுல பொறந்து வளர்ந்தவங்களுக்கு மாத்திரை எதுக்கு, நாம பார்க்காத கொசுவா" என்றார்கள். மலேரியா மண்டிய இடத்திலேயே பிறந்து, அடிக்கடி கடிபட்டு வளர்ந்தவர்களுக்குக்கூடக் கிடைப்பது ஓரளவு எதிர்ப்புத்தான். அங்கிருந்து வெளியேறிய பிறகு அதுவும் தேய்ந்துவிடும். பல வருடம் வெளிநாட்டில் இருந்துவிட்டுச் சொந்த ஊருக்கு விடுமுறைக்குப் போகும் ஆப்பிரிக்கர்களே மாத்திரை எடுக்காமல் போய் மலேரியாவோடு திரும்புவது மருத்துவர்களுக்கு நன்றாகத் தெரிந்த விஷயம். அப்படியிருக்க நமக்கு ஏது பாதுகாப்பு? உகாண்டாவில் வருடம் முழுவதும், நாடு முழுவதும் மலேரியா உண்டு. பெரும்பாலும் ஃபால்சிபாரம் என்ற ஆபத்தான வகை. பழைய குளோரோகுயின் மாத்திரை அங்கே பயன்படாது. ஆப்பிரிக்கக் குழந்தைகளுக்காக இப்போது வந்திருக்கும் மலேரியா தடுப்பூசிகள் சுற்றுலாப் பயணிகளுக்கானவை அல்ல. ஆக, நமக்கு மாத்திரையும் கொசுவிடமிருந்து தப்பிப்பதும்தான் வழி.

மாத்திரையில் எங்கள் முன் மூன்று வாய்ப்புகள் இருந்தன. அடோவாகுவோன்-புரோகுவானில் தினமும் ஒன்று. போவதற்கு ஓரிரு நாள் முன்பு ஆரம்பித்து, மலேரியா உள்ள இடத்தை விட்டு வந்த பிறகு ஏழு நாள் தொடர வேண்டும். டாக்ஸிசைக்ளினும் தினமும் ஒன்றுதான், ஆனால் திரும்பிய பிறகு நான்கு வாரம் எடுக்க வேண்டும். எட்டு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அதைப் பொதுவாகத் தருவதில்லை. வெயில் பட்டால் தோல் சீக்கிரம் கருகிச் சிவந்துவிடும். மெஃப்ளோகுயின் வாரம் ஒன்று. இரண்டு வாரத்துக்கு முன்பே ஆரம்பிக்க வேண்டும், மனச்சோர்வோ வலிப்போ இருந்தவர்களுக்கு ஆகாது.

எனக்கும் கணவருக்கும் தம்பி மனைவிக்கும் முதலாவது. மகளுக்கும் அதுவே, எடையைப் பார்த்துக் குழந்தைகளுக்கான சின்ன மாத்திரை. தம்பி டாக்ஸிசைக்ளின் எடுத்துக்கொண்டான். அதை நிறையத் தண்ணீரோடு விழுங்கி, உடனே படுக்காமல் கொஞ்ச நேரம் நிமிர்ந்து உட்கார வேண்டும், இல்லாவிட்டால் உணவுக்குழாய் புண்ணாகும். எங்கள் மாத்திரையை எண்ணெய்ப் பசையுள்ள சாப்பாட்டோடோ பாலோடோ எடுத்தால்தான் உடம்பில் சரியாக ஏறும். மகளுக்குப் பொடித்துக் கெட்டிப்பாலில் குழைத்துக் கொடுத்தோம்.

திரும்பி வந்த பிறகு எதற்கு மாத்திரை என்று நிறைய பேர் அப்படியே விட்டுவிடுகிறார்கள். கொசு கடித்ததும் மலேரியாக் கிருமி முதலில் கல்லீரலுக்குப் போய், குறைந்தது ஒரு வாரம் அங்கே பெருகிவிட்டுத்தான் ரத்தத்துக்கு வரும். கடைசி நாள் கடித்த கொசுவின் கிருமி நீங்கள் வீடு வந்து சேர்ந்த பிறகே வெளியே வரும் என்று அர்த்தம். அடோவாகுவோன்-புரோகுவானில் கல்லீரலில் இருக்கும்போதே கிருமியைத் தாக்குவதால் ஏழு நாள் போதுமானது. டாக்ஸிசைக்ளின் பெரும்பாலும் ரத்தத்துக்கு வந்த பிறகு வேலை செய்வதால் நான்கு வாரம். காரணம் புரிந்த பிறகு எங்கள் வீட்டில் ஒருவர்கூட ஒரு மாத்திரையையும் விடவில்லை.

மாத்திரை இருக்கிறதே என்று கொசுவை விட்டுவிட முடியாது. மலேரியாவைப் பரப்பும் அனோஃபிலிஸ் அந்தியில் தொடங்கி விடியும் வரை கடிக்கும். டெங்கு, சிக்குன்குனியா, மஞ்சள் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் பகலில் கடிக்கும். தோலில் தடவும் கொசுவிரட்டிகளில் டீட் என்ற மருந்து 20 முதல் 30 சதவீதம் வரை உள்ள பூச்சும், பிகாரிடின் 20 சதவீதம் உள்ள பூச்சும் நல்லவை. வாசனை எண்ணெய்களின் பாதுகாப்பு சீக்கிரம் போய்விடும். வெயில் கிரீமை முதலில் தடவி, அது காய்ந்த பிறகு கொசுப் பூச்சு. குழந்தையின் உள்ளங்கையில் தடவ வேண்டாம், வாய்க்குப் போகும். உடைகளுக்கு பெர்மெத்ரின் என்ற பூச்சி மருந்தைத் தெளித்துக் காயவைத்து எடுத்துப்போனோம்; சில சலவை வரை தாங்கும். தோலில் படுவதற்கான மருந்து அது கிடையாது. தங்கிய இடத்தில் கொசுவலையைத் தினமும் மாலை இருட்டுவதற்கு முன்பே இறக்கி, மெத்தைக்கு அடியில் செருகிவிடுவோம். ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்பது என் மகளின் வேலை. அதை அவள் மிகப் பொறுப்பாகச் செய்தாள்.

உடை நிறத்தையும் டாக்டர் சொல்லியிருந்தார். மர்ச்சிசன் நீர்வீழ்ச்சிப் பூங்காவில் செட்ஸி ஈக்கள் உண்டு. தூக்க நோயைப் பரப்புபவை. மெல்லிய துணிக்கு மேலேயே கடிக்கும், பூச்சு மருந்துக்கு அதிகம் அசையாது. கருநீலமும் கறுப்பும் அவற்றை இழுக்கும். பூங்காவில் நீலமும் கறுப்புமான துணிப்பொறிகள் மரங்களில் தொங்குவதைப் பார்த்தபோது அவர் சொன்னது நன்றாகவே புரிந்தது. நாங்கள் மங்கலான மண் நிற உடைகளையே எடுத்துப் போயிருந்தோம்.

ஜிஞ்சாவில்தான் மனசு அலைபாய்ந்தது. விக்டோரியா ஏரியிலிருந்து நைல் புறப்படும் ஊர் அது. படகுச் சறுக்கல், நீச்சல் என்று எல்லோரும் தண்ணீரில்தான் இருக்கிறார்கள். அந்த ஏரியிலும் ஆற்றிலும் பில்ஹார்சியா என்னும் நோயின் புழுக்கள் உண்டு. தண்ணீரில் வாழும் நத்தைகளிலிருந்து வெளிவந்து, கண்ணுக்குத் தெரியாமல், காயமில்லாத தோல் வழியாகவே உள்ளே நுழைந்துவிடும். தடுப்பூசி இல்லை. தண்ணீரில் இறங்கியவர்கள் ஆறிலிருந்து எட்டு வாரம் கழித்துப் பரிசோதித்து, இருந்தால் பிராசிகுவான்டெல் மாத்திரை எடுத்துக்கொள்ளலாம், நோய் குணமாகும். இதைத் தெரிந்தே தம்பி ஆற்றில் இறங்கினான். நாங்கள் மூவரும் தம்பி மனைவியும் பெரிய படகில் உட்கார்ந்தபடியே நைலைப் பார்த்துவிட்டு வந்தோம்.

தண்ணீர், சாப்பாடு விஷயம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்: மூடி உடைக்காத பாட்டில் அல்லது கொதித்த தண்ணீர், சூடாகப் பரிமாறும் சாப்பாடு, நாமே உரித்த பழம். ஐஸ் கட்டியும் பல் துலக்கும் தண்ணீரும்தான் மறந்துபோகும். ஓ.ஆர்.எஸ். பொட்டலங்களை இங்கிருந்தே எடுத்துச் சென்றோம். ஒரு லிட்டருக்கான பொட்டலத்தை ஒரு லிட்டரில்தான் கரைக்க வேண்டும். குழந்தைதானே என்று பாதி டம்ளரில் அழுத்தமாகக் கரைத்துக் கொடுத்தால் உப்பு அதிகமாகிக் கெடுதல் செய்யும். வயிற்றுப்போக்கை நிறுத்தும் லோப்பராமைடு மாத்திரையைச் சின்னக் குழந்தைக்குத் தரவே கூடாது. பெரியவர்களும் காய்ச்சலோ மலத்தில் ரத்தமோ இருந்தால் அதைத் தொடக் கூடாது.

டாக்டர் கடைசியாகச் சொன்னது சாலையைப் பற்றி. பயணிகளின் உயிரிழப்புக்குப் பெரிய காரணங்களில் ஒன்று சாலை விபத்து. அதனால் சீட் பெல்ட் உள்ள வண்டியைக் கேட்டு வாங்கினோம், மகளுக்கான இருக்கையைக் கையோடு கொண்டுபோனோம், இருட்டிய பிறகு நெடுந்தூரம் போகவில்லை, போடா-போடா எனப்படும் வாடகை பைக்கில் ஏறவில்லை. அவசரத்தில் வேறு ஊருக்கு விமானத்தில் கொண்டுபோகும் செலவையும் ஏற்கும் காப்பீடு எடுத்திருந்தோம்.

திரும்பி வந்து ஒரு வாரத்துக்குப் பிறகு மகளுக்குக் காய்ச்சல் அடித்தது. மாத்திரை ஒழுங்காகக் கொடுத்திருந்தாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய், வாசலிலேயே உகாண்டாவிலிருந்து வந்திருக்கிறோம் என்று சொன்னோம். மலேரியாப் பரிசோதனை செய்தார்கள், இல்லை என்று வந்தது. ஒரு தடவை இல்லை என்று வந்தால் போதாது என்பதால் அடுத்தடுத்து இன்னும் இரண்டு முறை எடுத்தார்கள். கடைசியில் அது தொண்டைத் தொற்றுதான். மலேரியா உள்ள நாட்டுக்குப் போய்வந்த யாருக்கும் ஒரு வருடம் வரை எப்போது காய்ச்சல் வந்தாலும், கேட்காவிட்டாலும் நாமே பயணத்தைச் சொல்லிவிட வேண்டும். ஃபால்சிபாரம் ஓரிரு நாளிலேயே முற்றிவிடக்கூடியது. நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப்போட அதில் இடமில்லை.

தம்பியின் பில்ஹார்சியா பரிசோதனையில் ஒன்றும் இல்லை. கணவருக்கும் மகளுக்கும் ஹெபடைடிஸ் ஏ ஊசியின் இரண்டாவது தவணையை ஆறு மாதம் கழித்துப் போட்டோம். பயணம் முடிந்த பிறகு வருவதால் பெரும்பாலானவர்கள் விட்டுவிடுவது இதைத்தான். முதல் தவணை அந்தப் பயணத்துக்கு உதவும், இரண்டாவதும் போட்டுவிட்டால் பாதுகாப்பு இருபது வருடத்துக்கு மேல் நீடிக்கும். அம்மாவோடு போக இடம் தேடிக்கொண்டிருக்கிறோம். அதற்கும் முதலில் அதே டாக்டரிடம்தான் நேரம் வாங்கியிருக்கிறோம்.